மேஸ்திரியின் கைக்கடிகாரம்

"கொண்டை ஊசியைக் கழட்டி வச்சிட்டு உள்ள வா."

மேஸ்திரி நல்லதம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். காத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒத்தை ஊசிதானுங்கய்யா."

"ஒத்தை ஊசியும் இரும்புதான். காந்தம் இழுத்துச்சுன்னா உள்ள எங்கயாச்சும் போயி சிக்கிக்கும். கழட்டு."

கழற்றினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் சரிந்தது. துணிக்கிழிசலால் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

திருவரங்குளம் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுவலி மருந்து தயாரானது. முன்பெல்லாம் மருந்துக் கொப்பரையின் மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக இரும்புத் தண்டு ஒன்றை இறக்கி மருந்தைக் கலக்குவார்கள். ஓட்டையோரம் கிரீஸ் ஒழுகி மருந்து பாழாகும். அதனால் அறுபத்தாறில் பம்பாயிலிருந்து புதுக் கொப்பரை வந்து இறங்கியது. அதில் ஓட்டையும் கிடையாது, தண்டும் கிடையாது. அடியில் மோட்டார் ஒரு காந்தத்தைச் சுற்றும். அந்த இழுப்பிலேயே உள்ளே துடுப்பு சுற்றும்.

கொப்பரையோடு சட்டமும் வந்தது. இரும்புச் சாமானோ கைக்கடிகாரமோ கொப்பரை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. சுவரில் கொட்டை எழுத்தில் அதை எழுதிவைத்ததே நல்லதம்பிதான்.

எழுதிய மகராசன் தன் கடிகாரத்தை எங்கே வைத்தார் தெரியுமா? அதே காந்தத்துக்குப் பக்கத்தில், மோட்டார் மேடை மேல். தினமும் காலையில் நேரத்தைத் திருத்திக் கழற்றி வைப்பார். சாயங்காலம் அதை எடுத்துப் பார்த்துத்தான் அந்தப் பகுதிக்கு மணி அடிப்பார்.

பார்க்கப் பார்க்கக் காத்தாயிக்கு வயிறு எரிந்தது. எங்க கொண்டை ஊசி மட்டும் கண்ணை உறுத்துதாக்கும்!

பழைய கோபமும் இருந்தது. வீட்டில் பால்குடிப் பிள்ளை. நாத்தனார் சொர்ணத்திடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். சாயங்காலம் ஆனால் மார் கனத்து ரவிக்கை நனைந்துவிடும். கம்பெனி மணி அடிக்கிற நேரமும் ஊருக்குக் கடைசி பஸ் போகிற நேரமும் ஒன்று. வந்த புதிதில் தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு, இருட்டில் நடந்து போனாள். போய்ச் சேரும்போது பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிக் கிடக்கும்.

"கொஞ்சம் முந்தி விட்டீங்கன்னா பஸ்ஸைப் பிடிச்சிருவேங்கய்யா" என்று ஒருநாள் கெஞ்சினாள்.

"ஒனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். போயி வேலையைப் பாரு" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நல்லவேளை, புதுக் கொப்பரை வந்த கொஞ்ச நாளிலேயே பஸ்காரருக்கு மனசு இளகிவிட்டது. இவள் மூச்சு வாங்க ஓடிவரும்போது பஸ் அப்போதுதான் வந்து நிற்கும். எனக்காகத்தான் மெதுவா ஓட்டியாராரு, புண்ணியவான் என்று நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு அவருக்குக் கொடுக்க மடியில் கொய்யாப்பழம்கூட முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். கொப்பரையைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் சட்டப்படி நடந்துக்கிறாங்களா?"

"நடந்துக்கிறாங்க சார்" என்றார் நல்லதம்பி.

காத்தாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்க நடந்துக்கிறோமுங்க. மேஸ்திரியோட கடிகாரம்தான் அங்கிட்டு ஒக்காந்திருக்கு."

மேனேஜர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கால் மணி முந்தி ஓடுதேய்யா. காந்தம் பட்டா கடிகாரம் கிறுக்குப் பிடிச்சு ஓடும்னு ஒனக்குத் தெரியாதா? இதைப் பார்த்தா மணி அடிக்கிறே?"

"மறதியா வச்சிட்டேன் சார்."

"நாளையிலேருந்து நீ மூட்டை கட்டுற கொட்டகைக்குப் போ. மணி இன்னையிலேருந்து ஆபீஸ்ல அடிக்கட்டும்."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். நல்லா வேணும் என்று காத்தாயி மனசு குளிர்ந்தாள்.

சாயங்காலம் வெயில் சுவரை விட்டு இறங்கியது. மணி அடிக்கவில்லை. நிழல் கொப்பரை வரைக்கும் வந்தது. அப்போதும் அடிக்கவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கொப்பரைக்குமாக அலைந்தாள்.

ஒருவழியாக மணி அடித்ததும் ஓடினாள். ரோட்டில் புழுதிதான் பறந்துகொண்டிருந்தது.

"பஸ் போயிருச்சா?" என்று டீக்கடைப் பிச்சையிடம் கேட்டாள். "தினம் லேட்டாத்தானே வரும்?"

"லேட்டா? வருசக்கணக்கா அதே நேரத்துக்குத்தாம்மா போகுது. ஒங்க மணிதான் இப்பக் கொஞ்ச நாளா முந்தி அடிச்சிச்சு."

காந்தம், கடிகாரம், மணி, பஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் அடித்தது. சட்டத்தை எழுதினவருக்கா தினமும் மறக்கும்? காத்தாயிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நல்லதம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். கண்ணீர் முட்டியது.

"எனக்காகத்தான் செஞ்சீங்களாய்யா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீயும் கூட்டுன்னு இன்னைக்கு ஒன் வேலையேல்ல போயிருக்கும். பிள்ளைக்குப் பசிக்கும், வெரசா நட."