மண்ணீரல் மேல் ஒரு சந்தேகம்

ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிளாஸ்டிக் மனிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் மார்பிலும் வயிற்றிலும் இருக்கும் உறுப்புகளைக் கழற்றிக் காட்டிவிட்டு, திரும்ப மாட்டி மூடியைப் போட்டுவிடலாம். அன்று பாடம் முடிந்து பிள்ளைகள் அவசர அவசரமாக மாட்டிவிட்டு ஓடியதில், மூடி மட்டும் மூடவில்லை.

"நமக்குள்ள யாரோ வெளியாள் புகுந்திருக்கான்," என்றது கல்லீரல்.

இதயம் குரலைத் தாழ்த்தியது. "நான் யார்மேலயும் பழி போடல. ஆனா இரைப்பைக்குப் பின்னால ஒருத்தன் பதுங்கியிருக்கானே, அவன் என்ன வேலை செய்றான்னு யாருக்காவது தெரியுமா?"

மண்ணீரல் பதறியது. "நான் ஆரம்பத்துலேருந்து இங்கதான் இருக்கேன். இன்னைக்குக்கூட டீச்சர் சொன்னாங்களே, உடற்கூறியல்ல ரெண்டு பிரிவு உண்டு, சிலதைக் கண்ணால பாத்தாலே போதும், சிலதை மைக்ரோஸ்கோப்ல பாத்தாத்தான் புரியும்னு. என் வேலை ரெண்டாவது வகை."

"மைக்ரோஸ்கோப் வெச்சுத் தேடுற அளவுக்கு என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்க?" என்றது கல்லீரல்.

எல்லோரும் சேர்ந்து நெட்டியதில் மண்ணீரல் மேசைமேல் வந்து விழுந்தது.

"இப்ப மூடும் பாருங்க," என்றது இதயம்.

மூடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தபோதுதான் மண்ணீரலுக்குத் தெரிந்தது. கல்லீரல் தலைகீழாகக் கிடந்தது. அதன் தடித்த பக்கம்தான் மூடியை முட்டிக்கொண்டிருந்தது. மண்ணீரல் அதைச் சொல்ல வாயெடுத்தது.

அதற்குள் கல்லீரலின் குரல் கேட்டது. "எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம். ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு சிறுநீரகம்?"