பார்த்தவங்க சொன்ன வரி

உங்களப் பத்தி நீங்களே சொன்னா செல்லாதுன்னு ஒரு காலண்டர் இருந்தா என்ன பண்ணுவீங்க?

சந்தியாகு வீட்டுச் சுவத்துல அப்படி ஒண்ணுதான் தொங்குது. தினம் காலையில தாள் தானா எழுதிக்கும். ஒரு சரித்திரச் சேதி, ஒரு துணுக்கு, அப்புறம் தூரத்துல இருக்கிற வீட்டாளைப் பத்தி ஒரு வரி. அந்த வரிய, அவரைக் கண்ணால பார்த்தவங்கதான் சொல்லணும். சந்தியாகுவோ நடுக்கடல் காத்தாலை மேடையில ஒத்தை ஆளு. கடல் சரியில்லாம நாப்பது நாளா சாமான் படகே வரல. வரி காலி.

"அப்பா, பேசுறது நீங்கதானா, இல்ல மிஷினா?"ன்னு மக ரெஜினா நேத்து போன்ல கேட்டுட்டா. சந்தியாகுவுக்குச் சோறு இறங்கல.

இன்னைக்குப் படகு வந்துச்சு. ஓட்டுறவ தூத்துக்குடி பிலோமி.

"என்னைப் பத்தி ஒரு வரி சொல்லு தாயி."

"என்னத்த சொல்ல அண்ணாச்சி? உப்பில்லாம குழம்பு வைக்கிறீங்கன்னா?"

"அதையாவது சொல்லு. நான் உசுரோட இருக்கேன்னு தெரியட்டும்."

பிலோமி சிரிப்ப நிறுத்திட்டா. ரெண்டு தட்டு சாப்பிட்டு, மேடையிலேர்ந்து வீட்டுக் காலண்டருக்குப் பேசுற மைக்குல வாய வச்சு மெதுவா என்னமோ சொன்னா. படகு மறையிற வரைக்கும் சந்தியாகு கும்பிட்ட கைய இறக்கல.

மறுநாள் காலையில வீட்டுக் காலண்டர் தாள்ல இப்படி இருந்துச்சு: "நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு, என் தலையில ஈரம் இருக்குன்னு துண்டு எடுத்துக் கொடுத்தாரு."

"அம்மா, அப்பாதான். எனக்கும் இப்படித்தான் பண்ணுவாரு"ன்னு சொல்லிட்டு ரெஜினா பள்ளிக்கூடம் போனா.