முகம் பார்த்துச் சொல்லும் கட்டணம்

கோவில்பட்டி ரயில் நிலையத்து டிக்கெட் இயந்திரம் இப்போதெல்லாம் பயணியின் முகத்தைப் பார்த்துத்தான் கட்டணம் சொல்கிறது. போயே ஆகவேண்டும் என்ற தவிப்போ ஆசையோ தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் வரிசையில் எல்லோரும் உம்மென்றே நின்றார்கள்.

"மூஞ்சியில ஒண்ணும் காட்டிராத" என்று மனைவி பேச்சித்தாயிடம் கிசுகிசுத்தார் அய்யாத்துரை.

"சென்னைக்கு எதற்காகப் போகிறீர்கள்?" என்று இயந்திரம் கேட்டது.

"சும்மா, ஊர் பாக்க."

இருவருக்கும் படுக்கை வசதியோடு மலிவான கட்டணம் திரையில் வந்தது. பணம் கட்டப் போன அய்யாத்துரையின் கையைப் பேச்சித்தாய் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இல்ல. எம்மக நாளைக்கு ஐகோர்ட்டு ஜட்ஜா பதவியேக்கா. அதப் பாக்கப் போறோம்!"

பேச்சித்தாயின் முகமெல்லாம் சிரிப்பு. கட்டணம் மூன்று மடங்கானது.

"கெடுத்தியே! இனி கையில இருக்குற காசுக்கு உக்காந்துட்டுத்தான் போகணும்."

"உக்காந்தே போவோம். அவளப் பெத்துட்டு அத ஒளிச்சு வைக்கவா?"

அய்யாத்துரை பணத்தைக் கட்டினார்.

மறுநாள் பதவியேற்பு மண்டபத்தில் மகளின் பெயரை வாசித்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து வந்த முதுகு வலியோடு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கைதட்டியவர் அய்யாத்துரைதான்.