கிழமைக்கு ஒருமுறை

வேர்கள் கையோடு வந்தன.

சிவாஜினி குசினி மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, ஓர்க்கிட் பூச்செடியைச் சட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். மண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகள் கறுத்து ஊறிக் கிடந்தன. வேரை விரலால் இழுத்தால் தோல் வழுகி வந்தது. உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிஞ்சியது.

ஓர்க்கிட் வளர்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சிநேகிதி சுஜீவா வாங்கித் தந்தது. தனியாக இருக்கப்போகிறவளுக்குத் துணை என்று சிரித்தபடி கொடுத்தாள். கிழமைக்கு ஒருமுறை தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்றாள்.

சிவாஜினி ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

தனியாக இருப்பதற்குத்தான் இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இந்தக் கிரான்பர்ன் வீட்டை விற்காமல் அவளுக்கும் கௌரிசங்கருக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பிரிந்தவர்களாகவே ஒரு வருடம் வாழ்ந்து காட்டினால் இந்த நாட்டுச் சட்டப்படி விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். சமையல் வேறு, படுக்கை வேறு, உடுப்புத் தோய்ப்பது வேறு. ஒருவர் மற்றவருக்காக எதுவும் செய்யக் கூடாது. அதை வெளியாள் ஒருவர் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும்.

குசினியில் இரண்டு ரைஸ் குக்கர்கள் இருந்தன. மழை தூறினால் அவள் தன் உடுப்புகளை மட்டும் கொடியிலிருந்து எடுத்து வருவாள். கணவனின் சட்டைகள் நனையும். யன்னலடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சத்தியம் பண்ணச் சுஜீவா சம்மதித்திருந்தாள். உள்ளதைத்தான் சொல்வேன், பொய் என்றால் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இன்று பின்னேரம் வருகிறாள்.

கௌரிசங்கர் தேநீர் போட வந்தான். கேத்தலைப் போட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"வெட்டின இடத்தில கறுவாப்பட்டைத் தூள் தடவ வேணும்."

"எப்ப தொடக்கம் பூக்கண்டு டொக்டர்?"

"தண்ணி கூடிப்போச்சு. அதான் அழுகினது."

"ஞாயிறு மட்டும்தான் விடுறனான். நீங்கள் கோயிலுக்குப் போற நேரம்."

கேத்தல் இரையத் தொடங்கியது. கொதிக்கும் முன்பே அவன் அதை நிற்பாட்டினான்.

"நான் புதன்கிழமை," என்றான்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமைகளில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் பிந்திய வேலை. திரும்பி வரும்போது அவன் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே வெளிச்சம் இருக்காது.

"நீர் தண்ணி விட்டு நான் ஒருநாளும் காணேல்லை. மறந்துபோனீராக்கும் எண்டு நினைச்சன்."

இதைக் கேள்விப்பட்டால் சுஜீவா பேனையைத் தொட மாட்டாள். லோயர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. வருடத்தை முதலிலிருந்து எண்ணச் சொல்வாரோ. இன்னொரு வருடம் அந்தக் குக்கர்கள். இன்னொரு வருடம் அந்தக் கொடி.

சிவாஜினி யன்னலைத் திறந்தாள். குளிர்தான் வந்தது.

"இனி நான் விடமாட்டன்," என்றான் கௌரிசங்கர்.

ஓம், சரி என்று சொன்னால் போதும்.

வேர்களில் ஒன்று மட்டும் பச்சையாக, இறுக்கமாக இருந்தது. அதை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"புதன் நீங்களே விடுங்கோ. இனி ஞாயிறு நான் விடமாட்டன்," என்றாள். "சுஜீவாட்ட மட்டும் வாய் திறந்துபோடாதேங்கோ."

வாசலில் கார் வந்து நின்றது. அவன் வெறும் கோப்பையோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

சிவாஜினி அழுகிய வேர்களின் மேல் பத்திரிகையை மடித்துக் குப்பைக்குள் அமுக்கினாள். செடியைச் சட்டியில் நிறுத்தினாள். அது நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டாள்.

சுஜீவா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்கு வந்தாள். கதிரையை இழுத்தவள் உட்காராமல் அப்படியே நின்றாள். சுருங்கித் தொங்கிய இலையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு என்னடி நடந்தது?"

"தண்ணி விட ஆளில்லை," என்றாள் சிவாஜினி.