றப்பர் பழுதாகாத எண்ணெய்

உதயகலாவின் செயற்கைக்கால் மருந்துக்கடைப் படியில் டக்கென்று மோதியதும், முன்னால் நின்ற நாலு பேரும் விலகி வழிவிட்டார்கள். அந்த இரக்கத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வயதில் மிதிவெடி கொண்டுபோனது ஒரு காலைத்தான். ஊர்ச்சனம் மிச்சமிருந்த ஆளையும் சேர்த்துக் கழித்துவிட்டிருந்தது.

இந்த எண்ணெய்க்காக ஏற்கெனவே இரண்டு தரம் கொடிகாமத்தில் இந்தக் கடைக்கு வந்து, ஆட்களைக் கண்டதும் குரல் எழும்பாமல் தலையிடிக் குளிசையோடு திரும்பியவள் அவள். இன்றைக்குக் கேட்காமல் போவதில்லை, குரலைத் தாழ்த்துவதுமில்லை என்று ஓட்டோவில் வரும்போதே முடிவெடுத்திருந்தாள்.

"அண்ணை, மசாஜ் பண்ண ஒரு எண்ணெய் வேணும். தோலும் கடிக்கக்கூடாது, லேட்டெக்ஸ் றப்பரும் பழுதாகக்கூடாது."

கடைக்காரர் கனகசபாபதி அவளுடைய காலைப் பார்த்தார். செயற்கைக்காலுக்குள் மாட்டும் உறைக்குத்தான் என்று தானே தீர்மானித்து, கடை முழுக்கக் கேட்கப் பாடம் எடுக்கத் தொடங்கினார். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், குழந்தைக்குப் பூசும் எண்ணெய், எது பட்டாலும் லேட்டெக்ஸ் இளகிக் கிழிந்துவிடுமாம். தண்ணீரில் செய்ததோ சிலிக்கோனில் செய்ததோதான் தோதாம். வாசம் போட்டதைத் தொடவே கூடாதாம், தோல் தடித்துவிடுமாம்.

"றப்பர் மொத்தமோ, மெல்லிசோ?" என்று கேட்டார்.

"நல்ல மெல்லிசு."

காலுறை மொத்தமாகத்தானே வரும் என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு, புது மாதிரி ஏதும் வந்திருக்கும் என்று சமாதானமாகி ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். உதயகலா அதன் முதுகில் இருந்த பொடி எழுத்துகளை ஒரு வரி விடாமல் வாசித்தாள். வாசம் இல்லை, லேட்டெக்ஸுக்குக் கேடில்லை என்று போட்டிருந்தது.

பின்னால் நின்ற செல்வநாயகி ரீச்சர் பெருமூச்சு விட்டார். எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கணக்குப் படிப்பித்தவர்.

"பாவம் பிள்ளை, தனிச்சுக் கிடந்து உந்தக் காலோடை என்ன பாடு படுகுது."

ஓட்டோக்காரன் வெயிலில் காத்துக்கொண்டு நிற்கிறான், பிள்ளையைக் கெதியாய் அனுப்புங்கோ என்று கடைக்காரரையும் அவசரப்படுத்தினார். வெளியே அந்த ஓட்டோக்காரன் ஜெறோம், கசங்காத வெள்ளைச் சட்டையோடு ஓட்டோவில் சாய்ந்தபடி கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேறு ஏதும் வேண்டுமா என்று கனகசபாபதி கேட்டார்.

உதயகலாவுக்குக் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"நான் தனிச்சில்லை, ரீச்சர். இண்டைக்குக் காலமைதான் எனக்கும் அந்த ஓட்டோக்காரருக்கும் கலியாண எழுத்து முடிஞ்சது."

அவள் கனகசபாபதியின் தலைக்கு மேலிருந்த தட்டைக் காட்டினாள்.

"அந்த ஆணுறையிலை ஒரு பெட்டி தாங்கோ, அண்ணை. பேப்பரிலை சுத்த வேண்டாம்."