பொண்ணு வீட்டுச் சாட்சி

“கல்யாண சர்டிபிகேட் எங்க?” என்று கேட்டார் கண்ணாயிரம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

“இல்ல சார்,” என்றாள் அபிநயா. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பத்து நிமிஷத்தில் இது ஏழாவது முறை.

“பத்திரிகை? போட்டோ?”

“கல்யாணமே ஆகல சார். ஒண்ணா இருக்கறோம்.”

பிறப்பு இறப்புப் பதிவு கவுன்டரில் நின்ற வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. பக்கத்து மேசை ராமராஜன் மட்டும் ஏதோ ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் பக்கத்தில் நின்ற சாமுவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு வந்தவன், இரண்டு மணி நேரமாக நிற்கிறான்.

“நான்தான் அப்பான்னு நானே எழுதித் தர்றேன் சார். ஆஸ்பத்திரிச் சீட்டுல அந்தக் கட்டத்தைக் காலியா வுட்டுட்டாங்க. என் பேரைப் போட்டுக் குடுத்தா போதும்.”

கண்ணாயிரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் அபிநயாவின் காதருகே குனிந்தான். “இவரு லீவு போடற நாளாப் பாத்து வரலாம்னு சொன்னேன் இல்ல?”

“பேரு பதிய குடுத்த இருபத்தோரு நாள் இன்னியோட முடியுதுபா. அப்புறம் அங்க போ, இங்க போன்னு அலைய வுடுவாங்க.”

“குழந்தை பேரு?” என்றார் கண்ணாயிரம்.

“காவேரி.”

பேனா நின்றது. “ஏன் இந்தப் பேரு?”

“எங்க அம்மா பேரு சார். அவங்க இப்ப இல்ல.”

கண்ணாயிரம் பேனாவை இரண்டு தடவை உதறினார். மை வரவில்லையாம். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் எழுதியது.

“இனிஷியல்?”

“அ.சா. எங்க ரெண்டு பேரோடதும்.”

“ரெண்டா? ஸ்கூல்ல சேக்கறப்ப ஆயிரம் கேள்வி கேப்பாங்க.”

“ரெண்டு பேரும் சேந்துதானே சார் பெத்தோம்?”

பின்னால் நின்ற கங்கையம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். புருஷனின் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவள். “கரெக்டா கேட்ட. ஏம்மா, அப்படியே ஒரு தாலியும் கட்டிக்கினு இருக்கலாம் இல்ல?”

“சர்ச்சுலயா கோயில்லயான்னு ரெண்டு வீட்லயும் சண்டை பெரியம்மா. சரி, ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு நோட்டீஸ் குடுத்தோம். ஆட்சேபணை மனு போட்டு நிறுத்திட்டாங்க. விசாரணை, விசாரணைன்னு இழுத்துக்கினே போச்சு. அதுக்குள்ள இவ வந்துட்டா.”

“எந்தப் பாவி மனு போட்டான்?”

“எங்க வீட்லதான்.” அபிநயா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

கண்ணாயிரம் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “ரெண்டு சாட்சி வேணும். அதுல ஒண்ணு பொண்ணு வீட்டுச் சொந்தமா இருக்கணும்.”

“இது என்ன புதுசா இருக்குது?” சாமுவேல் கொதித்துவிட்டான். “வெளிய போர்டுல ஒரு வார்த்தை இல்லியே சார்!”

“நான் சொல்றேன் இல்ல?”

“குடும்மா, ஒரு சாட்சி நான் போடறேன்,” என்று கங்கையம்மாள் தாளை வாங்கிக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். “உறவுன்னு ஒரு கட்டம் இருக்குதே, இதுல என்ன எழுத?”

“தெரிஞ்சவங்கன்னு எழுதுங்க,” என்ற கண்ணாயிரம் அபிநயாவின் பக்கம் திரும்பினார். “இன்னொண்ணு?”

“எங்க வீட்லேர்ந்து யாரும் வரமாட்டாங்க சார்.”

“கேட்டியா?”

“ஒரு வருஷமா போனே எடுக்கல. பிரசவத்துக்குச் சேந்தப்ப மெசேஜ் அனுப்பினேன். அதுக்கும் பதில் இல்ல.”

“இன்னிக்குக் கேட்டியா?”

அபிநயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழந்தை சிணுங்கியது. கண்ணாயிரம் தன் மேசை ஃபேனை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். “நாலு மணிக்கு கவுன்டர் மூடிடுவேன்,” என்றார் அதே கறாரான குரலில். நாலடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

கங்கையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏன்யா, பச்சை உடம்புக்காரியை நிக்க வெச்சு உயிரை வாங்கறியே, நீயெல்லாம் புள்ள பெத்தவன்தானா?”

கண்ணாயிரம் கடிகாரத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அபிநயாவை மட்டும் பார்க்கவில்லை.

“வா அபி, போலாம்.” சாமுவேல் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “என் பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்ம புள்ளைக்கு நாம யாருன்னு தெரிஞ்சா போதும்.”

அபிநயா நகரவில்லை. அந்தத் தாளைக் கவுன்டர் இடைவெளி வழியாக மெல்ல உள்ளே தள்ளினாள்.

“நீங்க போடறீங்களா அப்பா?”

எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்த விதியைச் சற்றுமுன் தானே உண்டாக்கிய கண்ணாயிரம், கையெழுத்துப் போட்டு, உறவு என்ற கட்டத்தில் ‘தாத்தா’ என்று எழுதிவிட்டு, குழந்தையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார்.