மாதம் இரண்டு பல்

எங்கள் வார்டின் காட்டேரி வேட்டைக்காரன் ஜெயசீலன், கொன்றதற்கு அத்தாட்சியாக மாதம் இரண்டு கோரைப்பற்களை மாநகராட்சியில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வேறு ஆள் வருவான்; வருகிறவன் அங்கயற்கண்ணியைக் கொளுத்திவிடுவான்.

அவன் காதலித்த காட்டேரி அவள். பிடுங்கிய பல் அவளுக்கு முப்பது நாளில் முளைத்துவிடும். ஆகவே மாதாமாதம் அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றிப் பிடுங்கினான். வலியில் அவள் அவனுடைய விலா எலும்பை முறிப்பாள். பிறகு இருவருமாகத் தரையைக் கழுவுவார்கள். மற்றபடி நல்ல குடும்பம்.

தை மாதம், இனி நான்கு பல் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"எனக்கு ரெண்டுதானய்யா முளைக்குது," என்றாள் அவள். "கழுத்தக் காட்டு."

காட்டினான். ரத்தம் மின்விசிறி வரை தெறித்தது.

மாதக் கடைசியில் வீங்கிய வாயோடு நான்கு பற்களை நீட்டினான். அதிகாரி கைகுலுக்கினார்.

"என்னய்யா, கை பொணமாட்டம் சில்லுனு இருக்கு?"

"வீட்டுக்காரிக்கு ஏசி இல்லாம தூக்கம் வராது சார்."